மாமாவின் ஒன்பதாம் மாதிரி மெமோ

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மருமகன் மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மகளும் பேரப்பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறார்கள். அங்கே தாங்களும் அத்தையும், முக்கியமாக அத்தையின் இடது முழங்காலும், அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். என்னைப் பற்றி மட்டும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அடுத்த மாதம் வந்து இரண்டு வாரம் தங்கி என் ஆபீஸை ஒரு வழி பண்ணிவிட்டுப் போவதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். மாமா, ஆபீஸ் ஏற்கெனவே ஒரு வழி ஆகிவிட்டது. அது எப்படி ஆனது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். தங்கள் மகள் படித்துப் பார்த்த பிறகுதான் உறையில் போட வேண்டும் என்று எனக்கு உத்தரவு. ஆகையால் எங்காவது மரியாதைக் குறைவாகத் தென்பட்டால் அது அவள் சேர்த்தது என்று கொள்ளவும்.

எனக்குக் குடிநீர்த் துறையில் கோட்ட அதிகாரியாகப் பதவி உயர்வு வந்த அன்று தாங்கள் பீரோவைத் திறந்து, நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதே துறையில் முப்பத்து மூன்று வருடம் அதிகாரியாக இருந்து தாங்கள் தங்கள் கைப்பட எழுதிய நாற்பத்தேழு மாதிரி மெமோக்கள். தாமதமாக வந்தவனுக்கு ஒன்று, சீக்கிரமாக வந்து சும்மா உட்கார்ந்தவனுக்கு ஒன்று, கேட்காமலே யோசனை சொன்னவனுக்கு ஒன்று, கேட்டபோது சொல்லாதவனுக்கு ஒன்று, வராந்தாவில் காதில் விழும்படி சிரித்தவனுக்கு ஒன்று. பெயரும் தேதியும் போட மட்டும் இடம் விட்டிருந்தது. அப்போது தாங்கள் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "முதல் வாரத்துலயே பத்து மெமோ போயிடணும் மாப்பிள்ளை. யாருக்குன்னெல்லாம் யோசிக்காதீங்க. எண்ணிக்கைதான் முக்கியம்."

நான் யோசிக்கவில்லை மாமா. திங்கட்கிழமை இரண்டு, செவ்வாய் மூன்று என்று போய், வியாழக்கிழமை சாயங்காலம் ஒன்பது முடிந்துவிட்டது. அந்த ஒன்பதில் நான்காவது, தலைமை எழுத்தருக்குப் போனது. இருபத்தெட்டு வருடமாக அந்த ஆபீஸிலேயே இருந்து பழம் தின்று கொட்டை போட்ட மனிதர். செவ்வாய்க்கிழமை காலை நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து, "சார், ஆளுங்களப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்" என்றார். கேட்காமலே யோசனை சொன்ன குற்றத்துக்கு உடனே ஆறாம் மாதிரியை நீட்டினேன். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு போனவர்தான். அதற்கப்புறம் நான் கேட்காத எதையும் அவர் சொல்லவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தால்தானே கேட்பேன்? அதை அந்த நோட்டில் தாங்கள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் பத்தாவது ஆள் அகப்படவில்லை. எல்லோரும் அவரவர் நாற்காலியில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். ரொட்டிக் கடைக்கு எதிரே, நடு வெயிலில், நம் துறையின் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், ஆள் உயர இரும்புக் கம்பியை ரோட்டில் ஊன்றி, அதன் உருண்டைத் தலைமேல் காதைச் சாய்த்து, இரண்டு கண்ணையும் மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து நிற்கிறார். நின்றுகொண்டே தூங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. தேடிய பொருள் காலில் தட்டியது என்று ஒரே சந்தோஷம். ஜீப்பில் உட்கார்ந்தபடியே தங்கள் ஒன்பதாம் மாதிரியை எழுதினேன். "பணி நேரத்தில், பொதுமக்கள் காணும் வண்ணம், கண்களை மூடிய நிலையில், சாய்ந்து, உலகை மறந்து காணப்பட்டமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" அந்த 'உலகை மறந்து' என்கிற இடத்தில் தங்கள் கைவண்ணத்தை நினைத்துப் புல்லரித்தது. தோளைத் தட்டி எழுப்பிக் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்து, இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

மாமா, அவர் தூங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கோட்டத்தில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். பூமிக்கு அடியில் போகிற குழாய் எங்கே விரிசல் விட்டுக் கசிகிறது என்று அந்தக் கம்பியை ஊன்றிக் காது வைத்துக் கண்டுபிடிப்பார். எத்தனை அடி ஆழம், விரிசல் விரல் அகலமா கை அகலமா என்பது வரைக்கும் சொல்வாராம். அதற்கென்று வாங்கிய மின்கருவி ஒன்று ஆபீஸில் இருக்கிறது, ஆனால் அதன் பேட்டரியே கசிந்து நாலு வருடமாக அலமாரியில் கிடக்கிறது. ஆக, கோட்டம் முழுவதற்கும் இருக்கிற ஒரே காது அதுதான். இது ஆபீஸில் காவலாளி முதல் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அப்போது ஒருவரும் சொல்லவில்லை. தலைமை எழுத்தர் ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் மேலேயே எழுதிவிட்டேன்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்து மெமோ முடிந்த தெம்பில், திங்கட்கிழமை ஒரு சுற்றறிக்கை போட்டேன். பணி நேரத்தில் எவரும், எங்கும், எக்காரணம் கொண்டும் கண்களை மூடலாகாது. எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் தட்டச்சு அம்மாள் மூன்று பிரதிகளில் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதியிருக்கிறாராம், தினம் மூன்று தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் கண்ணை மூட முன் அனுமதி வேண்டுமாம். ஜீப் ஓட்டுநர் வந்து இமைப்பது இதில் சேருமா என்று பணிவாகக் கேட்டார். இமைக்கலாம் என்று தனியாக ஒரு தெளிவுரை போட வேண்டியதாயிற்று. காவலாளிக்கு அந்த வாரம் ஜலதோஷம். தும்மும்போது தன்னையறியாமல் கண் மூடிக்கொள்கிறது என்று ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு விளக்கக் கடிதம் கொடுத்தார், நேரம் குறிப்பிட்டு. புதன்கிழமை மட்டும் பதினேழு கடிதம். எல்லாவற்றுக்கும் நான் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டேன், வேறு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எல்லோரும் ஒன்பது மணிக்கு இருக்கையில் இருக்கிறார்கள், வராந்தாவில் சிரிப்புச் சத்தமே இல்லை, ஊசி விழுந்தால் கேட்கும் என்று பெருமையடித்திருந்தேன். தாங்களும் பதிலுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தீர்கள். ஊசி விழுந்தால் கேட்டது உண்மைதான். குழாய் கசிந்தது மட்டும் கேட்கவில்லை. காதுக்காரர் என் உத்தரவுக்கு எழுத்துக்கு எழுத்து கட்டுப்பட்டு, முதுகை நிமிர்த்தி, கண்ணை அகலத் திறந்து கம்பியில் காது வைத்தார். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை தெளிவான கையெழுத்தில் ஓர் அறிக்கை வந்தது. இன்ன இடத்தில் ஒலி இருக்கலாம் எனக் கருதப்படுகிறது, தாங்கள் உத்தரவிட்டால் தோண்டப்படும். நான் உத்தரவிட்டேன். தோண்டினார்கள். காய்ந்த மண். அடுத்து இன்னொரு இடம், அங்கேயும் காய்ந்த மண். ஒரு மாதத்தில் பதினொரு பள்ளம் தோண்டி, பதினொன்றையும் என் கையெழுத்தோடு மூடினோம். முன்பெல்லாம் குழாய் ஆட்கள் கசிவைக் கண்ட இடத்தில் அவர்களாகவே மண்வெட்டியைப் போட்டு, வேலையை முடித்துவிட்டு வந்து சொல்வார்களாம். இப்போது பள்ளத்தில் இறங்கலாமா, ஏறலாமா என்பதற்குக்கூட ஒரு காகிதம் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தன்னிச்சையாகச் செயல்பட்டமைக்குத் தாங்கள் பதினான்காம் மாதிரி வைத்திருக்கிறீர்கள், அதையும் நான் மேஸ்திரிக்குக் கொடுத்திருந்தேன்.

இதற்குள் முப்பத்தெட்டாக இருந்த கசிவுப் புகார் நூற்று அறுபதைத் தாண்டியது. பெரிய குழாயிலேயே எங்கோ விரிசல். பிரசவ ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. பிள்ளை பெற்றவர்களின் வீட்டு ஆட்கள் வாளியோடு படியேறுகிறார்கள் என்று புகார் வந்தது. தலைமைப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, பதினைந்து நாளில் அந்த விரிசலைக் கண்டுபிடிக்காவிட்டால் பழைய குழாய்க் கிடங்குக்குப் பொறுப்பாளராகப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். இங்கிருந்து நாலு மணி நேரப் பயணம். ஒரே ஒரு காவலாளி, மற்றதெல்லாம் துருப்பிடித்த குழாய். வீட்டில் சொன்னால் தங்கள் மகள், "குழாய்களுக்கு மெமோ குடுக்கலாமாங்க?" என்று கேட்டாள். அப்புறம் சிரிக்காமலே, பெரியவனுக்கு இது பரீட்சை வருடம், நானும் பிள்ளைகளும் அங்கே வரப்போவதில்லை, நீங்கள் மட்டும் போங்கள் என்றும் சொன்னாள். மாமா, கல்யாணமாகி பதினாறு வருடத்தில் நான் அவளை விட்டு ஒரு வாரம்கூடத் தனியாக இருந்ததில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் காதுக்காரரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். என்மேல் இருக்கிற கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவர் என் மேஜைக் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேணும்னே இல்ல சார். கண்ணத் திறந்தா கண்ணுதான் வேலை செய்யுது. பஸ்ஸு போகுது, ஆளுங்க பாக்குறாங்க, உங்க ஜீப்பு வருதான்னு அதுவே தேடுது. காதுக்கு ஆள் மிஞ்ச மாட்டேங்குது."

அவரே தொடர்ந்தார்.

"இருபத்தாறு வருஷத்துல என்னைத் தூங்கறவன்னு யாரும் எழுதினது இல்ல. சட்டையத் துவைக்க எடுத்தப்ப எம் பொண்ணு அந்தக் காகிதத்தப் படிச்சிட்டா. அப்பா, நீ வேலைல தூங்குவியான்னு கேட்டா. அதுக்கப்புறம் கண்ண மூடவே பயமா இருக்கு சார்."

எனக்கு வெட்கமாக இருந்தது மாமா. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒரு பத்தாவது ஆள் வேண்டும் என்பதற்காகத்தானே கொடுத்தேன்? அவர் வேறெதுவும் குத்திக்காட்டவில்லை. நாளைக்கு மதியம் நீங்களே வந்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சந்தில், வண்டி எதுவும் வராமல் மேஸ்திரி ஒரு பக்கம் மறித்து நிற்க, கம்பியை என் கையில் கொடுத்தார். அதிகாரி என்ற தோரணையோடு கண்ணைத் திறந்துகொண்டே காது வைத்தேன். எதிர் மாடியில் துணி உலர்த்துகிற அம்மாள் தெரிந்தாள், சுவரில் ஒரு பூனை தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினேன். முதலில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. அது அடங்கின பிறகு, ரொம்பக் கீழே, பக்கத்து அறையில் யாரோ ஒரு குழந்தையை உஸ்ஸென்று அடக்குவது மாதிரி ஒரு சத்தம். நான் கையை ஆட்டினேன். காதுக்காரர் கம்பியை இரண்டடி நகர்த்தினார், சத்தம் பெரிதானது. இன்னும் ஓரடி. அவரும் ரோட்டில் மண்டி போட்டு, உள்ளங்கையைத் தரையில் வைத்து, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கண்ணை மூடினார். "இங்கதான் சார், அஞ்சடி" என்றார். எனக்குக் கண்ணைத் திறக்கவே மனசில்லை. அப்படியே இரண்டு பேரும் இருக்கிற நேரம் பார்த்து, மேஸ்திரி நிறுத்தத் தைரியமில்லாத ஒரே ஒரு வண்டி அந்தச் சந்துக்குள் வந்தது. தலைமைப் பொறியாளருடைய கார். கண்ணாடியை இறக்கினார், பார்த்தார், ஏற்றினார், போய்விட்டார்.

கையெழுத்து எதுவும் இல்லாமல் அங்கேயே தோண்டினோம். ஐந்தடியில், காதுக்காரர் சொன்னபடி, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். சாயங்காலம் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு நர்ஸ் ஈரக் கையை ஆட்டிக் காட்டினாள். கிடங்குப் பேச்சு அதோடு போயிற்று. ஆனால் மறுநாள் காலை என் மேஜைமேல் தலைமைப் பொறியாளரிடமிருந்து ஓர் உறை. பணி நேரத்தில், பொதுமக்கள் காணும் வண்ணம், கண்களை மூடிய நிலையில், சாய்ந்து, உலகை மறந்து. மாமா, ஒரு கமா பிசகவில்லை. என் கையிலிருந்து வாங்கிப் பார்த்த தலைமை எழுத்தர் முதல் தடவையாக, நான் கேட்காமலே, "இது நம்ம பெரியவரோட எழுத்தாச்சே சார்" என்றார். தங்களைத்தான் சொன்னார். எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

விளக்கம் சொல்ல நேரில் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலைமைப் பொறியாளர் இழுப்பறையைத் திறந்து, மஞ்சளாகிப்போன ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். முப்பது வருடத்துக்கு முன் புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் தாங்கள் அவருக்குக் கொடுத்த ஒன்பதாம் மாதிரி. "நான் அன்னிக்குத் தூங்கலய்யா. எத்தனை குழாய் வேணும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றார். அதற்கப்புறம் அவர் மனசுக்குள் கணக்குப் போடுவதையே விட்டுவிட்டாராம். முழுதும் காகிதத்தில்தான், அதுவும் யாராவது பார்க்கும்போதுதான். தங்கள் கைவண்ணம் இப்படி ஊரெல்லாம் சுற்றித் தங்கள் மகள் வீட்டிலேயே வந்து விழுந்தது.

ஆகவே மாமா, நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டேன். பத்து மெமோக்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை வராந்தாவில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன், எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக் காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டார், போகப் போகப் பழகிவிடும். அத்தனை பேர் முன்னிலையிலும் காதுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தங்கள் நீல நோட்டை இந்தக் கடிதத்தோடு இருக்கிற பொட்டலத்தில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பெரிய மனது பண்ணிப் பெற்றுக்கொள்ளவும். தாங்கள் வருவதானால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மட்டும் வாருங்கள், ஆபீஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அத்தைக்கு என் வணக்கம். முழங்காலை மடக்கி உட்கார வேண்டாம் என்று தங்கள் மகள் நூறு தடவை சொல்லச் சொன்னாள். தங்கள் ஆசி எங்கள் எல்லோருக்கும், குழாய்கள் உட்பட, என்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் சொல்வதையெல்லாம் கேட்டு இந்த நிலைக்கு வந்த,
தங்கள் மூத்த மருமகன்.

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி பாராட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறது, அது தலைமைப் பொறியாளருக்கும் மேலே போயிருக்கிறது. கண் மூடக் கூடாது என்று நான் போட்ட கண்டிப்பான சுற்றறிக்கையால்தான் விரிசல் அகப்பட்டது என்று மேலிடம் முடிவு கட்டி, அதைத் துறையின் மற்ற பதினொரு கோட்டங்களுக்கும் அமல்படுத்தியிருக்கிறார்கள். தலைமைப் பொறியாளர், "எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், ஆனா மேல எழுதியாச்சு" என்கிறார். ஆக, சுற்றறிக்கை ரத்தாகவில்லை. காதுக்காரருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சிறப்பு அனுமதி, மூன்று மாதத்துக்கு, புதுப்பித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை பதினொரு அதிகாரிகளுக்கும் ஊழியர்களை நடத்துவது எப்படி என்று நான் வகுப்பு எடுக்கிறேன், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கு நீல நோட்டு தேவைப்படுவதால் பொட்டலத்தில் அது இல்லை. கனமாக இருப்பது அத்தைக்குத் தைலம்.

இன்னொன்றும் தங்கள் மகள் எழுதச் சொல்கிறாள். மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று எழுதினேன் அல்லவா, கேட்கவில்லை. எல்லோரையும் வராந்தாவில் கூட்டியது நிஜம், காதுக்காரர் எதிரே போய் நின்றதும் நிஜம். வாயைத் திறந்தேன், அந்தக் கம்பி எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டுவிட்டேன். இரண்டரை கிலோ சார் என்றார். எல்லோரும் கலைந்துபோனார்கள். அன்றிலிருந்து நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், நாற்பத்தேழில் ஒன்றுகூட அதிகாரி தன் தப்புக்கு ஊழியரிடம் வருத்தம் சொல்கிற மாதிரி இல்லை. திங்கட்கிழமை அவரை முதல் வரிசையில் உட்காரவைக்க வேண்டுமாம், என் கண்டிப்பால் திருந்தியவர் என்று காட்டுவதற்கு. அதற்குள் தாங்களே நாற்பத்தெட்டாவதாக அப்படி ஒன்றை எழுதி, தலைமைப் பொறியாளர் பெயருக்கு அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு பிரதி அனுப்பவும். பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, நான் காதுக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.